நிலத்துக்கு மனுப் போடும் மலைப் பெண்களுக்கு, நான் பட்டதிலிருந்து

சத்தியமங்கலத்துக்கு மேலே, புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் ஒரு ஊராளிப் பழங்குடி ஊர் எங்களுடையது. ஊர்ப் பெயரை எழுதவில்லை. எழுதினால் யார் எவர் என்று கீழே எல்லோருக்கும் தெரிந்துவிடும், முடிவு வராத மனு ஒன்று இன்னும் எங்களுக்கு இருக்கிறது. என் மாமனாரும் அவருடைய அப்பாவும் ராகி விதைத்த பூமிக்கு வன உரிமைச் சட்டத்தில் உரிமைப் பத்திரம் வாங்க ஐந்து வருடம் ஆனது. என் வீட்டுக்காரர் போட்ட மனு அது. அவர் போன பிறகு நான் தனியாகத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். அந்தச் சட்டத்தில் பெண்ணுக்கு எவ்வளவு இடம் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று பாதி வழி போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. முதல் நாளே யாராவது உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் பாதிக் கண்ணீரும் முக்கால்வாசிப் பணமும் மிச்சமாகியிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் சட்டம். 2006-ல் வந்தது. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே அனுபவித்து வரும் வன நிலத்துக்குப் பழங்குடிக் குடும்பம் உரிமை கேட்கலாம், அனுபவத்தில் இருக்கிற அளவுக்கு, அதிகபட்சம் நான்கு ஹெக்டேர். நாடு முழுக்க 2008-லேயே மனு வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். நம் மாநிலத்தில் உயர் நீதிமன்ற இடைக்கால உத்தரவு ஒன்றால் பத்திரம் கொடுப்பது நின்றுபோய், 2016-ல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கிய பிறகுதான் வேலை நகர்ந்தது. அந்த எட்டு வருடத்தில் எங்கள் ஊரில் எத்தனையோ பெரியவர்கள் போய்விட்டார்கள். எந்தப் பாறைக்கு இந்தப் பக்கம் யாருடைய பூமி என்று சொல்லத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். 2017-ல் ஊரில் படிவம் கொடுத்தபோது வீட்டுக்காரர் பூர்த்தி செய்தார். கூட இருந்து எழுதிக் கொடுத்தவர் கீழேயிருந்து வந்த ஒரு ஆள், அந்த வேலைக்கு வீட்டுக்கு 2,000 ரூபாய் வாங்கினார். நான் அடுப்படியில் இருந்தேன், என்னை ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை. தனி வீட்டு நிலத்துக்கு மனுப் போடுவது ஏ படிவம், அதில் இரண்டாவது வரியே கணவன் அல்லது மனைவி பெயர். அந்த வரி காலியாகவே போயிற்று.

அடுத்த வருடம் அவருக்குக் காய்ச்சல் வந்தது. மலையிலிருந்து இறக்கிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் நிலைமை கைமீறிவிட்டது. அதைப் பற்றி அதிகம் எழுத முடியாது. காரியம் முடிந்து கொஞ்ச நாளில் கொழுந்தனார் வந்து, "அண்ணி, மனுவை எம்பேருக்கு மாத்திக்கலாம், பொம்பளை எங்க போயி அலைவீங்க" என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னாரா நல்ல எண்ணத்தில் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஊரில் நாலு பேர் அதுதான் சரி என்றார்கள். என் மாமியார் மட்டும், "அவ புருசன் காடு, அவ உழுதா, அவ பேருக்குத்தான் வரோணும்" என்று ஒரே பிடியாக நின்றார். எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மா சொன்னதுதான் சட்டத்திலும் இருக்கிறது. பிரிவு 4(4): கல்யாணம் ஆனவர்கள் என்றால் பத்திரம் இருவர் பெயரிலும் கூட்டாகத்தான் வர வேண்டும், ஒற்றை ஆளாகக் குடும்பம் நடத்துகிறவர் என்றால் அவர் பெயரில். உரிமை வாரிசுக்குப் போகும், நேரடி வாரிசு இல்லாதபோதுதான் அடுத்த உறவுக்கு. நிலத்தை விற்கவும் முடியாது, வேறு யாருக்கும் மாற்றிக் கொடுக்கவும் முடியாது. இந்தப் பிரிவு நம்பரை மட்டும் மனப்பாடம் செய்து வையுங்கள். உங்கள் வீட்டில் போட்ட மனுவின் நகலை இன்றைக்கே எடுத்து இரண்டாவது வரியில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஊர் வன உரிமைக் குழுவுக்கு ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்து, வாங்கியதற்குக் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். புருசன் உயிரோடு இருக்கும்போதே செய்துவிடுங்கள். பிறகென்றால் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் என்று ஒவ்வொன்றுக்கும் மலை இறங்க வேண்டும். நம்ம ஊர் பஸ் காலையில் போனால் சாயங்காலம்தான் திரும்பும், ஒரு கையெழுத்துக்கு ஒரு நாள் கூலி போய்விடும்.

அந்தச் சான்றிதழ்களுக்கு நான் அலைந்துகொண்டிருந்தபோதுதான் 2019 பிப்ரவரியில் அந்தச் செய்தி வந்தது. மனு தள்ளுபடியானவர்களைக் காட்டை விட்டு வெளியேற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 13-ம் தேதி உத்தரவு போட்டது, அதே மாதம் 28-ம் தேதி அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. இடையில் போன அந்த இரண்டு வாரத்தை நான் மறக்கவே முடியாது. என் மனு என்ன ஆனது என்றே தெரியாது. இரவில் காட்டுப்பன்றி தகரத்தில் உரசினால்கூட ஆட்கள் வந்துவிட்டார்களோ என்று எழுந்து உட்காருவேன். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போய்விடலாம், பனியன் கம்பெனியில் ஏதாவது வேலை கிடைக்கும் என்று துணியெல்லாம் மூட்டை கட்டி வைத்தேன். அப்படி முன்பே போன குடும்பங்கள் உண்டு, கரும்பு வெட்டப் போய் அப்படியே கீழே தங்கிவிட்டவர்களும் உண்டு. யாராவது மிரட்டினால் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: உரிமையைச் சரிபார்த்து முடிவு செய்யும் வேலை முழுசாக முடிகிற வரைக்கும் யாரையும் வெளியேற்றக் கூடாது என்று பிரிவு 4(5) சொல்கிறது. வாய்ப்பேச்சாகச் சொல்கிறவரிடம் எழுத்தில் கொடுங்கள் என்று கேளுங்கள். கேட்டுப் பார்த்தேன், யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

அந்தப் பயத்தில் இருக்கும்போதுதான் இடைத்தரகர் ஒருவர் வந்தார். மேலே ஆள் தெரியும், 12,000 கொடுத்தால் மூன்று மாதத்தில் பத்திரம் என்றார். தோட்டை அடகு வைத்துக் கொடுத்தேன். இந்தச் சட்டத்தில் மனுவுக்குக் கட்டணமே கிடையாது, படிவமும் இலவசம் என்று எனக்குச் சொல்ல அப்போது யாரும் இல்லை. அவர் பணம் வாங்கியதற்கு ரசீது இல்லை, பிறகு போனை எடுப்பதில்லை. தோடு மூழ்கிவிட்டது. அம்மா வீட்டில் போட்ட ஒரே நகை அது. எழுதுகிறவர், தரகர், வக்கீல் குமாஸ்தா, ஜெராக்ஸ், பஸ், விட்டுப்போன கூலி என்று எல்லாம் சேர்த்து நாற்பதாயிரத்துக்கு மேல் எனக்குப் போயிருக்கிறது. அதில் நியாயமாக ஆகியிருக்க வேண்டிய செலவு ஜெராக்ஸும் பஸ்ஸும்தான். இந்த வேலைக்கு யார் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள், அவர் சட்டை எவ்வளவு வெள்ளையாக இருந்தாலும் சரி.

மனு தள்ளுபடி ஆகிவிட்டது என்பதே எனக்கு டீக்கடைப் பேச்சில்தான் தெரிந்தது. அலுவலகத்தில் கேட்டால், "லிஸ்ட்ல இல்லம்மா, போயிட்டு அடுத்த வாரம் வா" என்பார்கள். என்னைவிட வயதில் சின்னப் பையன், உட்காரச் சொல்ல மாட்டான், வா போ என்றுதான் பேசுவான். நான் வாங்க போங்க என்றே பேசினேன். "ஏனுங்க சார், காரணத்தை எழுதிக் குடுங்க, நான் போயிக்கறேன்" என்று ஒருநாள் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். அதற்கும் பலன் இல்லை. கடைசியில் எங்கள் ஊர்க் கல்லூரிப் பெண் ஒருத்தி தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு எழுதிக் கொடுத்தாள், பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டிப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். அதில்தான் உத்தரவின் நகல் கைக்கு வந்தது. படியில் உட்கார்ந்து வாங்க முடியாத காகிதத்தைப் பத்து ரூபாய் வாங்கித் தந்தது. வன உரிமைச் சட்டத்தின் விதியைப் பார்த்தால், தள்ளுபடி செய்தால் மனுதாரரிடம் நேரில் தெரிவிக்க வேண்டும், காரணத்தை விளக்கமாக எழுத வேண்டும். அப்படித் தெரிந்த நாளிலிருந்து அறுபது நாளுக்குள் மேல்முறையீடு போடலாம். கிராம சபை தீர்மானத்தின் மேல் குறை என்றால் கோட்ட அளவிலான குழுவுக்கு, கோட்டக் குழுவின் முடிவின் மேல் என்றால் கலெக்டர் தலைமையில் இருக்கும் மாவட்டக் குழுவுக்கு. எனக்கு நேரில் தெரிவிக்கவே இல்லை, அதனால் நகல் கைக்கு வந்த தேதியிலிருந்துதான் நாள் எண்ண வேண்டும் என்று எழுதினேன், ஏற்றுக்கொண்டார்கள். தபால் உறையைக்கூடக் கிழித்துப் போடாதீர்கள், அதில் இருக்கும் முத்திரைத் தேதிதான் உங்கள் சாட்சி.

தள்ளுபடிக்கு அவர்கள் எழுதிய காரணம் ஒரே வரி. செயற்கைக்கோள் படத்தில் சாகுபடி தெரியவில்லையாம். படித்ததும் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சம் நஞ்சமில்லை. எங்களுடையது மானாவாரி. மழை பெய்தால் ராகி, ஓரத்தில் அவரையும் தட்டையும். 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து மாநிலமே வறட்சி என்று அறிவித்தார்கள், அந்த வருடமும் அதற்கு அடுத்தும் பூமி தரிசாகத்தான் கிடந்தது. உண்ணிச்செடி மண்டியது. மேலிருந்து படம் பிடித்தால் புதர்தான் தெரியும். எங்கள் ஊரில் கார் இல்லை, ஏசி இல்லை, கரண்டே பாதி வீட்டுக்குச் சரியாக இல்லை. பருவம் தப்புவதற்கு நாங்கள் என்ன செய்தோம்? விதைக்கிற நேரத்தில் மழை வராது, கதிர் அறுக்கிற நேரத்தில் கொட்டித் தீர்க்கும், ஊற்று வற்றினால் குடத்தோடு இன்னும் கீழே இறங்க வேண்டியது நாங்கள், யானையும் தண்ணீருக்கு அதே பள்ளத்துக்கு வரும். இதையெல்லாம் சுமந்த பிறகு, மழை இல்லாமல் தரிசாகக் கிடந்ததையே காட்டி உன் பூமி இல்லை என்றால் அதைவிட அநியாயம் என்ன இருக்கிறது. விதி 12-ஏ தெளிவாகச் சொல்கிறது, செயற்கைக்கோள் படம் மற்ற ஆதாரங்களோடு சேர்த்துப் பார்க்கத்தான், அவற்றுக்குப் பதிலாக அதை வைக்க முடியாது. மேல்முறையீட்டில் இதை முதல் வரியாக எழுதினேன்.

ஆதாரம் என்றதும் நம்மிடம் என்ன காகிதம் இருக்கிறது என்று மலைத்துப்போகாதீர்கள். விதி 13-ல் இருக்கிற வகைகளில் இரண்டு இருந்தால் போதும், இந்தக் காகிதம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்க அவர்களுக்கு அதிகாரம் இல்லை. ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை ஒரு வகை. மண்ணிலேயே இருப்பது இன்னொரு வகை: கல் அடுக்கிய வரப்பு, சமப்படுத்திய நிலம், கிணறு, சாமி கும்பிடும் இடம், முன்னோரைப் புதைத்த இடம். மனுதாரர் அல்லாத பெரியவர்களின் வாய்மொழியை எழுதி வாங்கினால் அதுவும் ஆதாரம். பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருத்தர், கண் சரியாகத் தெரியாது, கையைப் பிடித்துக்கொண்டு பூமி முழுக்க நடந்து எங்கே யாருடைய சமாதிக் கல், எந்தப் பாறை மேல் பரண் போட்டு யானை விரட்டினார்கள் என்று சொல்லச் சொல்ல அந்தக் கல்லூரிப் பெண் எழுதினாள். அதற்கும் மேலாக எனக்குக் கிடைத்தது ஒன்று. மாமியார் தகரப்பெட்டியில் சாமி படத்துக்கு அடியில் மடித்து வைத்திருந்த ஒரு ரசீது, வன நிலத்தை உழுததற்காக மாமனாருக்கு வனத்துறை போட்ட அபராதம். அதில் வருடமும் இருந்தது, 2005-க்கு வெகு முன்னால். அந்தக் காலத்தில் அந்த அபராதத்தைக் கட்ட ஆட்டை விற்றார்களாம். உங்கள் வீட்டில் பழைய வழக்குக் காகிதம், அபராத ரசீது, பட்டி மேய்ச்சல் ரசீது எது இருந்தாலும் தேடி எடுங்கள். பெரும்பாலும் வயதான பெண்களின் பெட்டியில்தான் இருக்கும்.

பக்கத்துக் கரட்டில் இருக்கும் மலையாளி என்ற மலைச் சனங்களுக்கு (கேரளத்துக்காரர்கள் இல்லை) இதைவிடக் கஷ்டம். சேலத்திலும் தருமபுரியிலும் மலையாளி என்றால் பழங்குடி, ஈரோடு மாவட்டத்தில் அவர்கள் பழங்குடிப் பட்டியலில் இல்லை. அதனால் மூன்று தலைமுறை, 75 வருடம் இங்கேதான் இருந்தோம் என்று காட்ட வேண்டும். ஒரே சாமி, ஒரே பேச்சு, மாவட்டக் கோடு நடுவில் போனதால் இப்படி. அவர்களில் பெண்கள் இதைப் படித்தால், பெரியவர் வாய்மொழியை இன்றைக்கே எழுதி வாங்குங்கள்.

நேரில் பார்த்துச் சரிபார்க்கும் நாளுக்கு வனத்துறையும் வருவாய்த்துறையும் வர வேண்டும், வந்து கையெழுத்துப் போட வேண்டும். முதல்முறை எங்கள் இடத்துக்கு வனத்துறை ஆள் வரவில்லை, பிறகு அவர்களே, நாங்கள் இல்லாமல் பார்த்தது செல்லாது என்று ஆட்சேபம் போட்டார்கள். திரும்பக் கிராம சபைக்கே வந்தது. இரண்டாவது முறையும் வராவிட்டால் கிராம சபை சொன்னதுதான் முடிவு என்று விதியில் இருக்கிறது, அந்த வரியை அப்படியே நோட்டீசில் எழுதி அனுப்பினோம். வந்துவிட்டார்கள்.

அந்தக் கிராம சபையைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். அதுவரை ஆண்கள் முன்னால் உட்காருவார்கள், நாங்கள் மரத்தடியில் நிற்போம், நோட்டில் கைநாட்டு வைத்துவிட்டுப் போய்விடுவோம். கூட்டத்துக்குப் பாதிப் பேர் வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும், இல்லையென்றால் தீர்மானமே செல்லாது. வன உரிமைக் குழுவிலும் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். இதை நான் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். நாம் போகாவிட்டால் அவர்கள் தீர்மானம் போட முடியாது என்றதும் பெண்களுக்கு ஒரு தெம்பு வந்ததைக் கண்ணால் பார்த்தேன். அன்றைக்கு எல்லோரும் பாயை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தோம். என் பெயருக்குத் தீர்மானம் போட வேண்டும் என்று முதலில் எழுந்து பேசியது நான் எதிர்பார்க்காத ஒருத்தி, கொழுந்தனாரின் மனைவி. கொழுந்தனார் தலையைக் குனிந்துகொண்டார், எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை.

2022-ல் பத்திரம் கைக்கு வந்தது. இரண்டரை ஏக்கர் கேட்டோம், ஒன்றரைக்குத்தான் வந்திருக்கிறது. மீதிக்கு மாவட்டக் குழுவில் மனு இருக்கிறது. வாங்கி வந்து மாமியார் மடியில் வைத்தேன், அவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு "எழுத்துல எம் மவன் பேரு இருக்குதா" என்று கேட்டார். கணவர் பெயர் என்ற இடத்தில் இருந்தது. எனக்கு அழுகை அன்றைக்குத்தான் வந்தது.

ஒற்றை வீட்டுக்குப் பத்திரம் வாங்கினால் பிழைப்பு முடிந்துவிடாது, இதையும் சொல்ல வேண்டும். ஊராளிப் பெண்ணுக்குப் பாதி வருமானம் காட்டிலிருந்து வருவது, சீமாறு, நெல்லி, கடுக்காய், பூச்சக்காய். 2013-ல் புலிகள் காப்பகம் ஆன பிறகு ஒவ்வொன்றுக்கும் கெடுபிடி. சிறு வன மகசூலை எடுக்கவும் விற்கவும் சட்டம் உரிமை கொடுக்கிறது, அது பி படிவம். காட்டையே பாதுகாத்துப் பராமரிக்கும் உரிமை சி படிவம். எங்கள் பெண்கள் இப்போது போட்டிருப்பது இந்த சி படிவம். ஈக்வடார் நாட்டில் அமேசான் மழைக்காட்டில் வவோரானி என்று ஒரு பழங்குடி, நெமோந்தே நென்கிமோ என்ற பெண் முன்னால் நின்று எண்ணெய்க் கிணறுக்கு எதிராக வழக்குப் போட்டு 2019-ல் ஜெயித்தார்கள், ஐந்து லட்சம் ஏக்கர் காடு பிழைத்தது. அதற்கு முன்னால் அவர்கள் தங்கள் காட்டைத் தாங்களே வரைபடம் போட்டு வைத்திருந்தார்களாம். இதைப் போனில் பார்த்துவிட்டு எங்கள் பெண்களிடம் காட்டினேன். வால்பாறை பக்கம் காடர் பழங்குடிப் பெண்கள் கதை இன்னும் பக்கத்தில் நடந்தது. 2019 மழையில் கல்லாரில் ஊரே சரிந்து, பழைய எஸ்டேட் லயத்தில் தங்க வைக்கப்பட்டு, தங்கள் காட்டுக்குள்ளேயே தெப்பக்குளமேட்டில் இடம் வேண்டும் என்று விடாமல் போராடி 2021-ல் வாங்கினார்கள்.

நாங்களும் நாலு சார்ட் பேப்பரை ஒட்டி வரைந்தோம். ஆண்கள் வரைந்தபோது பாதையும் எல்லையும் வந்தது. பெண்கள் உட்கார்ந்த பிறகு கோடையிலும் வற்றாத ஊற்று, கிழங்கு தோண்டும் சரிவு, தேன் பாறை, பிரசவத்துக்கு மூலிகை எடுக்கும் இடம், யானை தண்ணிக்கு வரும் தடம் எல்லாம் வந்தது. ஆவணத்தில் ஒரு இடத்திலும் இல்லாத விவரம் அது. எந்த ஊற்றைச் சுற்றி மரத்தில் கை வைக்கக் கூடாது, உண்ணிச்செடியை எங்கே முதலில் வெட்டி எடுக்க வேண்டும் என்று பெண்களே கிராம சபையில் பேசித் தீர்மானத்தில் சேர்த்தோம். 2024 கோடையில் ஈரோடு எப்படி வெந்தது என்று கீழே இருப்பவர்களுக்கு நினைவிருக்கும். பவானிசாகருக்குத் தண்ணீர் வரும் காடு இது, எங்களுக்கு மட்டும் வேண்டியதில்லை.

சி படிவம், வரைபடம், தீர்மானம் மூன்றுக்கும் கோட்ட அலுவலகத்தில் தேதி போட்ட ஒப்புகை வாங்கி வைத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை, அதற்கும் தகவல் உரிமை மனு போட்டாயிற்று. வேறு ஊர்ப் பெண்கள் யாராவது எழுத ஆரம்பிப்பதாக இருந்தால் எங்கள் படிவத்தின் நகலைப் பெயரெல்லாம் அடித்துவிட்டுத் தருகிறோம். எழுதிக் கொடுக்க ஆள் இல்லையென்றாலும் சொல்லுங்கள், அந்தக் கல்லூரிப் பெண் வருவாள், பஸ் செலவு மட்டும் கொடுத்தால் போதும்.